பழைய புத்தகச் சித்திரங்கள்: எங்கே எடுப்பது, எதில் ஒட்டுவது

கேள்வி: தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கொடுக்கப் பலகார டின்களும் வாழ்த்து அட்டைகளும் செய்கிறேன். அந்தக் காலத்துச் செடி, பூ, பழப் படங்கள் வேண்டும். இணையத்தில் எடுத்துக் கடையில் அச்சடித்தால் மங்கலாக வருகிறது. பசை பட்டதும் வண்ணம் கரைந்து ஓடுகிறது. நல்ல படங்கள் இலவசமாக எங்கே கிடைக்கும்? செய்ததை விற்கலாமா? (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்:

மங்கலாக வருவதற்கு நீங்கள் எடுத்த கோப்பு காரணம். வண்ணம் ஓடுவதற்குப் பிரிண்டர் காரணம். இரண்டையும் சரி செய்துவிடலாம். அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். பழைய படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் என்ன பூ இருக்கிறது என்று பார்க்கிறோம், அது எந்த முறையில் அச்சடிக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. டின்னில் ஒட்ட ஒரு வகை, மரத்தில் பதிக்க ஒரு வகை, வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு வகை. கைவேலை சொதப்புவதில் பாதி, வகை மாறிப்போவதால்தான்.

படத்தைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் மட்டும் தெரிந்து, அந்தக் கோடு நடுவில் தடித்து நுனியில் மயிர்போல மெலிந்தால் அது செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சடித்தது. மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாத வண்ணத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் கல்லச்சு, அதாவது வண்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து அடித்த குரோமோலித்தோகிராஃப். வலை பின்னியதுபோல வரிசை வரிசையாகப் புள்ளிகள் நின்றால் அது ஹாஃப்டோன். 1890களுக்குப் பிறகு வந்த புத்தகங்களிலும் சஞ்சிகைகளிலும் இது அதிகம். செதுக்கோவியம் பெரிதாக்கினாலும் தாங்கும், மரத்தில் பதிக்கவும் அதுதான் ஏற்றது. கல்லச்சு, டின்னுக்கும் அட்டைக்கும். ஹாஃப்டோனை அசல் அளவைவிடச் சிறியதாகப் பயன்படுத்தினால் சரி, பெரிதாக்கினால் புள்ளிகள் பிரிண்டரின் புள்ளிகளோடு மோதிக் கோடுகோடாக அலை அடிக்கும். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகம் வாங்கி நீங்களே ஸ்கேன் செய்தாலும் இதே தொல்லை வரும். அப்போது 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, லேசாக மங்கலாக்கி, பிறகு பாதி அளவுக்குக் குறைத்தால் அலை அடங்கும். பின்பக்க எழுத்து முன்னே தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வையுங்கள், போதும்.

இனி, எங்கே எடுப்பது. செடி கொடிகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. அமெரிக்க, பிரிட்டிஷ் நூலகங்கள் சேர்ந்து 2006இல் தொடங்கியது. பழைய தாவரவியல், விலங்கியல் நூல்களை முழுசாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் "பழைய பூப் படம்" என்று தேடினால் ஒன்றும் தேறாது. செடியின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுங்கள். மல்லிகைக்கு ஜாஸ்மினம் சம்பக், செம்பருத்திக்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ், மங்குஸ்தீனுக்கு கார்சீனியா மாங்கோஸ்தானா, வெற்றிலைக்கு பைப்பர் பீட்டல். ஊர்க் காட்சி வேண்டுமானால் பினாங்கின் பழைய பெயரில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று தேட வேண்டும்.

நம்ம ஊர்ப் பழங்களுக்கு ஒரே புத்தகம் சொல்லச் சொன்னால், பெர்த்தா ஹூலா வான் நூட்டன் ஜாவா தீவிலிருந்து வரைந்த பூ, பழம், இலைத் தொகுப்பைச் சொல்வேன். 1863-64இல் முதல் பதிப்பு, நாற்பது கல்லச்சுப் படங்கள். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் பக்கம் முழுக்க நிறைந்து நிற்கும். இலையில் பூச்சி கடித்த ஓட்டையையும் பழுத்த இலையின் மஞ்சளையும் விடாமல் வரைந்திருப்பார். டின்னில் ஒட்டினால் அந்த ஓட்டைதான் படத்துக்கு உயிர் கொடுக்கிறது, அதை அழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். ஜாதிக்காய், மஞ்சள், ஏலம், மிளகு என்று சமையலறைச் சரக்குகளுக்கு 1887இல் ஜெர்மனியில் வந்த கோலர் என்பவரின் மருத்துவச் செடித் தொகுப்பு. பாலிக் பூலாவ் பக்கம் இன்றும் ஜாதிக்காய் விளைகிறது. பினாங்கிலிருந்து கொடுக்கும் டின்னில் அந்தப் படம் இருந்தால் பொருத்தம் சொல்லியா தெரிய வேண்டும்?

நம் பக்கத்துக் கைகள் வரைந்தவையும் ஏராளம். வில்லியம் ராக்ஸ்பர்க் வெளியிட்ட சோழமண்டலக் கரைச் செடிகள் தொகுப்பில் (1795-1820) முந்நூறு படங்கள், வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள், கையால் வண்ணம் தீட்டியவை. கையால் தீட்டியதால் ஒரு பிரதி போல இன்னொரு பிரதி இருக்காது. ஒரே புத்தகத்தை இரண்டு மூன்று நூலகங்கள் ஏற்றியிருந்தால் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, பழுப்புப் புள்ளி குறைவான பிரதியை எடுங்கள். ராபர்ட் வைட்டின் ஐகோன்ஸ் என்ற ஆறு தொகுதிகள் 1853 வரை மதராசிலேயே அச்சாகி வந்தவை, படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். வண்ணம் இல்லை, கோடு மட்டும். வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இருவரின் பெயரும் நிலைத்துவிட்டது. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே வைத்தார். படத்தின் அடியில் பொடி எழுத்தில் பெயருக்குப் பின் "டெல்." என்று இருந்தால் அவர் வரைந்தவர், "ஸ்கல்ப்." என்றால் செதுக்கியவர், "லித்." என்றால் கல்லில் ஏற்றியவர். இந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பதிப்புரிமை பார்க்கும்போதும் இது உதவும்.

பெரிய பெரிய கோட்டுப் படம் வேண்டுமென்றால் ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ். வான் ரீட் என்ற டச்சுக்காரர் கொச்சியிலிருந்து திரட்டி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. வாழை, பலா, தென்னை எல்லாம் செப்புத் தகட்டுச் செதுக்கில். படத்தின் ஓரத்திலேயே செடியின் பெயர் மலையாளம், அரபு உட்படப் பல எழுத்துகளில் இருக்கும்.

பூ வேலைப்பாடு, கரை, ஓரச் சித்திரம் தேடினால் ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அலங்கார வடிவத் தொகுப்பைப் பாருங்கள், இந்திய வடிவங்களுக்கென்றே தனிப் பக்கங்கள் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் தங்கள் படங்களில் லட்சக்கணக்கானவற்றை "சிசி ஸீரோ" என்ற குறியோடு திறந்துவிட்டன. அந்தக் குறி இருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம். பின்டரெஸ்டில் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது யாரோ எடுத்ததை யாரோ சுருக்கிப் போட்டது. பிடித்த படம் அங்கே கண்ணில் பட்டால், படத்தை வைத்தே தேடும் வசதியில் போட்டு மூல நூலகத்தைக் கண்டுபிடியுங்கள்.

மங்கல் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. தேடுபொறி காட்டும் சின்னப் படத்தை அழுத்திச் சேமித்தால் 600, 800 பிக்சல்தான் வரும். விக்கிமீடியா காமன்ஸில் படத்துக்குக் கீழே "அசல் கோப்பு" என்ற இணைப்பு தனியாக இருக்கும், அதைத் திறந்து இறக்குங்கள். பயோடைவர்சிட்டி நூலகத்தில் அந்தப் பக்கத்தின் படத்தை மட்டும் இறக்கலாம். முழுப் புத்தகமும் வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஜே.பி.2 கோப்புகளாக ஒரே கட்டாக இருக்கும். கட்டின் எடை நூற்றுக்கணக்கான எம்.பி. வரும், வீட்டு வைஃபையில் செய்யுங்கள். ஜே.பி.2 கைப்பேசியில் பெரும்பாலும் திறக்காது. கணினியில் கிம்ப் அல்லது இர்ஃபான்வியூவில் திறந்து பி.என்.ஜி. ஆக்கிக்கொள்ளலாம், இரண்டும் இலவசம்.

அளவு கணக்கு ஒன்று மனதில் இருக்கட்டும்: பிக்சலை 118ஆல் வகுத்தால் தெளிவாக அச்சாகும் சென்டிமீட்டர் வரும். இது 300 டி.பி.ஐ. கணக்கு. 800 பிக்சல் அகலப் படம் ஏழு செ.மீ.க்கு மேல் தாங்காது. ஏ4 தாள் நிறைய வேண்டுமென்றால் 2480க்கு 3508, ஏ6 அட்டைக்கு 1240க்கு 1748.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. படத்தைப் போட்டோஸ்டேட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போய்த்தான் சேரும். "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டு போங்கள். இன்னும் நல்லது, படங்களை நீங்களே ஏ4 பக்கத்தில் அடுக்கி பி.டி.எஃப். ஆக்கி, "நூறு சதவீத அளவில் அடியுங்கள்" என்று சொல்வது. இல்லாவிட்டால் பிரிண்டர் தாளுக்கு ஏற்பச் சுருக்கி, டின்னுக்கு அளந்து வைத்த படம் அரை சென்டிமீட்டர் குறைந்து நிற்கும்.

கடையில் கேட்க வேண்டியது கலர் லேசர். சில கடைகளில் கறுப்பு வெள்ளைக்கு லேசரும் வண்ணத்துக்கு மைத்தொட்டி வைத்த இங்க்ஜெட்டும் இருக்கும். உங்கள் படம் ஓடியது அதனால்தான். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு தாள் மட்டும் அடித்து, ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். லேசரின் டோனர் பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியது, தண்ணீருக்கு அசையாது. வீட்டில் இங்க்ஜெட் மட்டும்தான் இருக்கிறதென்றால், அடித்த தாளை ஒரு நாள் காயவிட்டு, அக்ரிலிக் ஸ்ப்ரேயை இரண்டு மெல்லிய பூச்சாக இருபுறமும் அடித்துவிட்டு ஒட்டலாம். ஒட்டுவதற்கு 80 கிராம் தாள் போதும். தடித்த தாள் டின்னின் வளைவில் மடங்காது, ஓரம் எழும்பும். அட்டைக்கு 200 முதல் 260 கிராம், அதுவும் வழவழப்பானது. சொரசொரப்பான கைவினைத் தாளில் டோனர் பள்ளங்களில் இறங்காமல் வெள்ளைப் பொட்டு விழும். அட்டையின் மடிப்புக் கோட்டின் மேல் படம் வரக் கூடாது, அங்கே டோனர் வெடித்து உதிரும்.

அச்சுக்கு முன் படத்தைத் துலக்குவது பற்றி. கிம்ப் இல்லாவிட்டால் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபியா போதும். "லெவல்ஸ்" திறந்து வெள்ளைப் பக்க முனையைத் தாளின் பழுப்பு மங்கும் வரை உள்ளே நகர்த்துங்கள். கோட்டுப் படத்துக்கு வெள்ளை வெளேர் என்று ஆக்கலாம். வண்ணப் படத்துக்கு அப்படிச் செய்தால் இளம் பச்சையும் இதழின் வெளிர் நிறமும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் பழுப்பு இருக்கட்டும். டின்னுக்கு அடிக்கும் வண்ணத்தையும் அதே வெளிர் மஞ்சளாக எடுத்துக்கொண்டால், வெட்டிய ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாது. கத்தரிப்பான் வேலை பாதி மிச்சம். கிரிகட் போன்ற வெட்டும் இயந்திரத்துக்கோ முத்திரைக்கோ கோட்டுப் படம் என்றால் இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் பிட்மேப் டிரேஸ் செய்து (புள்ளிப் படத்தைக் கோடாக மாற்றும் வசதி) எஸ்.வி.ஜி. கோப்பாக்குங்கள். ஆனால் மயிர்க் கோடு நிறைந்த செதுக்கோவியத்தை அப்படியே கொடுத்தால் கத்தி தாளைக் கிழித்துவிடும். வெளிவரையை மட்டும் கொடுங்கள்.

இப்போது டின். பிஸ்கட் டின்னைப் பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பசை போகக் கழுவிக் காயவையுங்கள். வெளிப்புறத்தை 240 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேயுங்கள். துரு இருந்தால் முழுசாகப் போக வேண்டும், கொஞ்சம் விட்டாலும் ஆறு மாதத்தில் படத்தின் நடுவே செம்புள்ளி எழும். உலோகப் பிரைமர் ஒரு பூச்சு, ஒரு நாள் காய வேண்டும். பிறகு வெளிர் மஞ்சள் அக்ரிலிக் இரண்டு பூச்சு. உட்புறத்தில் எதுவும் அடிக்க வேண்டாம், பலகாரம் வைக்கிற இடம். மூடியை மாட்டி, அது டின்னின் மேல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். படம் அந்தக் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழேதான் தொடங்க வேண்டும். மூடி உரசி உரசிப் படம் கிழிவது இதைப் பார்க்காமல் ஒட்டுவதால்.

வெட்டும்போது கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். வெட்டிய ஓரத்தில் தாளின் வெள்ளை நடு தெரியும், அதே நிறப் பென்சிலை ஓரத்தில் ஓட்டினால் மறையும். வெள்ளைப் பி.வி.ஏ. பசை மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. படத்தின் பின்பக்கம் பூசி ஒரு நிமிடம் பொறுங்கள். ஈரம் பட்டால் தாள் விரியும். விரிந்து முடிந்த பிறகு ஒட்டினால் சுருக்கம் விழாது, உடனே ஒட்டினால் டின்னின் மேல் போய் விரிந்து அலையாக நிற்கும். டின்னிலும் மெல்லிசாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளுங்கள். சின்னச் சுருக்கத்தைத் தேய்க்க வேண்டாம், ஈரத்தாள் கிழியும். காயும்போது தாள் இறுகித் தானே சமமாகும். பெரிய காற்றுக் குமிழ் மறுநாளும் நின்றால் பிளேடால் ஒரு கீறல், ஊசியால் ஒரு சொட்டுப் பசை.

மைதாக் கஞ்சி, அரிசிக் கஞ்சி வேண்டாம். நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் கரப்பானும் தேடி வரும். அதேபோல் பி.வி.ஏ.வையே மேல்பூச்சாக விடாதீர்கள். காய்ந்தது போல் இருக்கும், மழை நாளில் பிசுபிசுக்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய டின்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படத்தோடு வரும். மேலே நீர் அடிப்படையிலான பாலியூரிதேன் வார்னிஷ் நான்கு மெல்லிய பூச்சு அடியுங்கள். இரண்டாவது பூச்சுக்குப் பின் 400 எண் தாளால் இலேசாகத் தடவினால் படத்தின் ஓரம் விரலுக்குத் தட்டாது. ஸ்ப்ரே வார்னிஷ் என்றால் நேரம் முக்கியம். விடியற்காலையிலும் மழை விட்ட கையோடும் அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே சிக்கி வெண்படலம் விழும். வெயில் ஏறிய மதியம்தான் பினாங்கில் காற்று சற்றே காய்ந்திருக்கும் நேரம்.

மரத்தட்டில் படத்தைப் பதிப்பது இன்னொரு முறை. லேசர் அச்சு மட்டும்தான் வேலைக்கு ஆகும். படத்தை இடம் வலம் திருப்பி அடிக்க வேண்டும். மலபாரிக்கஸ் போல எழுத்துள்ள படமென்றால் மறந்தால் அவ்வளவுதான், பெயரெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிவிடும். மரத்தில் அக்ரிலிக் ஜெல்லைச் சமமாகப் பூசி, காய்வதற்குள் படத்தைக் கவிழ்த்து அழுத்தி, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஸ்பாஞ்சால் நனைத்து விரலால் தாளை உருட்டி எடுக்க வேண்டும். காய்ந்ததும் வெள்ளை மூட்டமாகத் தெரியும், திரும்ப நனைத்துத் தேயுங்கள், மூன்று தடவை ஆகலாம். அங்கங்கே படம் பெயர்ந்து வந்தால் ஜெல் முன்பே காய்ந்துவிட்டது என்று பொருள். பூசும்போது காற்றாடியை நிறுத்திவிடுங்கள்.

விற்பது பற்றி. மலேசியாவில் ஓவியர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் 60. மேலே சொன்ன புத்தகங்கள் எல்லாம் அதை எப்போதோ தாண்டியவை. ரவிவர்மா 1906இல் மறைந்தார், அவருடைய லட்சுமி, சரஸ்வதி படங்களைத் தாராளமாக அட்டையில் போடலாம். ஆனால் பழையது என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இலவசமில்லை. கோவில்பட்டி கொண்டையராஜு 1976இல் மறைந்தவர். அவருடைய காலண்டர் படங்களுக்கு இங்கே 2026 முடியும் வரை உரிமை உண்டு, இந்தியாவில் இன்னும் பத்தாண்டு கூடுதல். "வணிகமற்ற" என்ற உரிமக் குறி உள்ள படத்தை வீட்டுக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. பழைய தீப்பெட்டி, சோப்பு லேபிள்கள் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கம்பெனி இன்றும் நடந்தால் வணிகச் சின்னம் உயிரோடு இருக்கிறது. விற்கும் பொருளில் வேண்டாம். சட்டம் கேட்காவிட்டாலும் டின்னின் அடியில் நூலின் பெயர், ஆண்டு, நூலகம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே படம் வேண்டுமென்று யாராவது கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வார்னிஷ் தொட்டால் காய்ந்ததாக இருக்கும், முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் டின் வேலை முடிந்திருக்க வேண்டும். அதுவரை மூடியைத் தனியாகக் கழற்றி வைத்து, அடுக்கினால் நடுவே பேக்கிங் தாள் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அச்சு எழுத்து மங்குஸ்தீன் மேல் ஏறிவிடும்.